பேஸ் ஆம்ப் வாங்கப் போறீங்களா, வாட்ஸை கடைசியா பாருங்க

லைட் மியூசிக் ட்ரூப்ல புதுசா பேஸ் கிட்டார் வாசிக்க வர்ற தம்பிங்க யாரு பேசினாலும் முதல் கேள்வி "அண்ணா எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்" தான். கடையிலயும் அந்த நம்பரைச் சொல்லித்தான் விக்கிறாங்க. என்னைக் கேட்டா அது கடைசியா பாக்க வேண்டிய விஷயம். முதல்ல ஸ்பீக்கர், அப்புறம் பின்னாடி இருக்குற டிஐ அவுட் (ஆம்ப்ல இருந்து நேரா மிக்சருக்கு சிக்னல் போற சாக்கெட்), அப்புறம் தூக்க முடியுமாங்கறது.

100 வாட்ஸை விட்டுட்டு 200 எடுத்தா சத்தம் டபுள் ஆயிடும்னு நினைக்கிறாங்க, ஆகாது, 3 டெசிபல்தான் கூடும், லேசா ஏத்துன மாதிரி இருக்கும் அவ்வளவுதான். காதுக்கு டபுளா கேக்கணும்னா 10 டெசிபல் பக்கம் வேணும், அதுக்கு பத்து மடங்கு வாட்ஸ் போகணும். ஆனா சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கற நம்பர், 94 டெசிபல் இருக்குற கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) பதிலா 97 இருக்குறதை எடுங்க, அதே 3 டெசிபல் ஆம்பை மாத்தாமலே வந்துடும். ஸ்பெக் ஷீட்ல அந்த ஒரு வரியை யாரும் படிக்கிறதே இல்ல, எனக்கு அதுதான் ஆதங்கம். பெட்டியும் சின்னதா இருக்கணும், அடி பேஸும் வரணும், சத்தமும் நல்லா வரணும்னா நடக்காது. மூணுல ரெண்டுதான் கிடைக்கும், அது ஃபிசிக்ஸ்.

ஓம்ஸும் பாக்கணும், அது ஸ்பீக்கரோட மின் தடை, அது குறைஞ்சா ஆம்ப்ல இருந்து வாட்ஸ் கூட வரும். ஃபெண்டர் ரம்பிள் 500 நல்ல காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில), நான் யாருக்கும் தைரியமா சொல்லுவேன், 16 கிலோ சொச்சம்தான், ஆனா அந்த 500 முழுசா வர்றது வெளியில இன்னொரு கேபினெட் சேத்தாதான், உள்ள இருக்குற ரெண்டு பத்து இன்ச் ஸ்பீக்கர்ல மட்டும் 350. இதுல ஏமாத்து எதுவும் இல்ல, ரெண்டுக்கும் வித்தியாசமே ஒன்றரை டெசிபல்தான். அந்த ரெண்டாவது கேபினெட்டால வர்ற லாபத்துல பெரிய பங்கு வாட்ஸ்ல இருந்து வரல, காத்தைத் தள்ளுற ஸ்பீக்கர் கூடுறதால வருது. எட்டு ஓம்ஸ் கேபினெட் ரெண்டு சேந்தா நாலு ஓம்ஸ், உங்க ஆம்ப் நாலு வரைக்கும்தான்னு போட்டிருந்தா மூணாவதை மாட்டவே மாட்டாதீங்க.

1969ல ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கா டூருக்கு ஆம்பெக் எஸ்விடி வந்துச்சு, 300 வாட்ஸ் வால்வ் ஆம்ப், ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) மட்டுமே 35 கிலோவுக்கு மேல. அப்போ ஸ்டேஜ் ஆம்பே கூட்டத்துக்கு பேஸ் கொண்டு போக வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு நம்ம ஊர் கோயில் திருவிழாவுல மைக் செட்காரர் பதினெட்டு இன்ச் சப் (அடி பேஸுக்குன்னே இருக்குற ஸ்பீக்கர்) ரெண்டு பக்கமும் அடுக்கி வச்சிருக்காரு, கூட்டத்துக்கு போற பேஸ் அதுலதான் போகுது. உங்க ஆம்ப் உங்களுக்கும் ட்ரம்மருக்கும். சப் இல்லாத சின்ன மண்டபம் ரிசப்ஷன்தான் அதிகம் பண்றீங்கன்னா கதை வேற, அங்க ஆம்பே ஹாலுக்கும் கேக்கணும், ரெண்டு கேபினெட் இல்லாம போகாதீங்க.

பெரிய மேடையில கூட்டத்துக்கு மிக்சர் வழியாத்தான் போறதாலதான் டிஐ அவுட்டை ரெண்டாவதா சொன்னேன். பின்னாடி ப்ரீ, போஸ்ட்னு சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும். போஸ்ட்ல இருந்தா நீங்க உங்களுக்கு கேக்கலன்னு பேஸ் நாபை திருப்புறது அப்படியே மிக்சருக்கும் போகும், வெளியில கும்முனு அடிக்கும், ஆப்பரேட்டர் உங்க சேனலை இறக்கிடுவாரு, அப்புறம் கச்சேரி முழுக்க நீங்க வாசிச்சது யாருக்கும் போய்ச் சேராது. ப்ரீல வச்சா ஸ்டேஜ்ல எப்படி வேணா திருப்பலாம், வெளிய போற சவுண்ட் அசையாது. இந்த சுவிட்ச் இல்லாத ஆம்பை எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். பக்கத்துலயே கிரவுண்ட் லிஃப்ட், அதாவது மிக்சருக்கு போற லைன்ல கிரவுண்டை பிரிச்சு விடுற சுவிட்ச், இருக்கணும், ஜெனரேட்டர் லைன்ல ஹம்முனு இரைச்சல் வந்தா அதுதான் காப்பாத்தும்.

டோன் விஷயத்துல என் கருத்து ரொம்ப கறார். நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல ரொம்ப அடி ஸ்வரமான லோ ஈ 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கர் எதுவும் அதை முழுசா தராது, நாம ஸ்வரமா கேக்குறது பெரும்பாலும் அதுக்கு மேல 80, 120ன்னு வர்றதைத்தான். கடையில மெதுவா வாசிக்கும்போது காதுக்கு பேஸ் கம்மியாத்தான் தெரியும், உடனே பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற மிட்டை இறக்குவாங்க, தனியா கேக்க சொர்க்கமா இருக்கும். மேடையில கிக்கும் தவிலும் கீபோர்டு லெஃப்ட் ஹேண்டும் சேந்துச்சுன்னா காணாம போயிடும். ராஜா சார் பாட்டு வாசிக்கிறோம், அதுல பேஸ் தனி மெட்டாவே ஓடுது, அந்த ஒவ்வொரு ஸ்வரமும் விழணும்னா மிட் வேணும். அதனால லோ மிட், ஹை மிட்னு தனித்தனி நாப் இருக்குற ஆம்பா பாருங்க.

பலகை மேடைன்னா இன்னொண்ணு. அடியில காலியா இருக்குறதால ஏதோ ஒரு நோட்டுக்கு மட்டும் மேடையே சேந்து அதிரும். ஆம்பை தரையில வைக்காம உறுதியான நாற்காலி மேல வைங்க, அதிர்வும் குறையும், சத்தமும் முழங்காலுக்கு போகாம காதுக்கு வரும். இதுக்கும் வெயிட் கம்மியா இருக்கணும், கிளாஸ் டிங்கற லேசான டிசைன்ல ஹெட் இப்பல்லாம் மூணு கிலோவுக்குள்ள வருது. சொந்தக்காரங்க அமெரிக்காவுல இருந்து கொண்டு வர்றதுன்னா பின்னாடி 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கான்னு பாத்துட்டு மாட்டுங்க.

வாங்கப் போகும்போது உங்க பேஸை எடுத்துட்டு போங்க, முடிஞ்சா ட்ரம்மரையும். நாபெல்லாம் நடுவுல வச்சு, கடைக்காரர் முறைச்சாலும் பரவால்ல, கச்சேரி வால்யூம்ல ஒரு முழு பாட்டு வாசிச்சுப் பாத்துட்டு காசை எண்ணுங்க.