ஏர்கோன் போட்டால் படிப்பு வந்துவிடுமா?
பழைய விடுதிக் கூடத்தைக் கண்ணாடி அறைகளாகத் தடுத்து ஏர்கோன் போட்டால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பினாங்கில் அப்படியொரு கட்டடத்தில்தான் ஐந்தாம் படிவம் வரை தங்கிப் படித்தேன். அப்போதே ஒரு பக்கத்தை இப்படி அடைத்தார்கள். மறு வருஷம் சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது, புத்தக அட்டையெல்லாம் பூஞ்சை. உயரமான கூரையும் மரச்சட்டச் சன்னலும் வெக்கை வெளியேறத்தானே? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், மேலே சிமெண்டு பூசினால் உள்ளேயே தங்கிவிடும். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததால் ஆணிகூட அடிக்க முடியாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை, மாநகர் மன்ற அனுமதியோடு மாற்றலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது ஆளுக்கொரு மேசை விளக்கும், சத்தமாகப் பேசிப் படிக்க ஒரு மூலையும்தான். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கான கணக்கை நான் துணி காயும் படிக்கட்டில் உட்கார்ந்துதான் போட்டுப் பார்த்தேன்.