பிழைச்செய்தி மறைந்தது, பிழை?

இணையத்தில் கிடைக்கும் நிரலை எடுத்து ஒட்டவே கூடாது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அன்றாடம் அதைச் செய்பவன்தான். ஒட்டியது ஓடிவிட்டால் அதைச் சரிபார்த்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பைத்தான் நிரல் ஒன்று, சர்வரின் சான்றிதழை ஏற்க முடியாது என்று நின்றுவிட்டது. தேடியபோது, பலரும் மெச்சியிருந்த பதில் ஒன்று ‘வெரிஃபை’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கச் சொன்னது. ஆக்கினேன், பிழைச்செய்தி மறைந்தது. மறுமுனையில் இருப்பது அந்தச் சர்வர்தானா என்று பார்க்கும் சோதனையையே நிறுத்திவிட்டேன் என்பதும், இடையில் புகும் எவரும் கடவுச்சொல்லைப் படித்துவிட முடியும் என்பதும், உடன் பணிபுரிந்தவர் அந்த வரியைக் காட்டிக் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. சான்றிதழை வழங்கிய அமைப்பை நம்பகப் பட்டியலில் சேர்த்திருந்தால் போதும்; பத்து நிமிட வேலை. கோப்பு அனுமதிச் சிக்கலுக்கு 777 போடச் சொல்லும், அதாவது யார் வேண்டுமானாலும் கோப்பைப் படிக்கவும் மாற்றவும் இயக்கவும் திறந்துவிடச் சொல்லும் பதில்களும் இதே ரகம்தான்.

பதில் எழுதியவர் நல்ல நோக்கத்தோடு எழுதியிருந்தாலும், ஒட்டிய நிரலோடு பிழையும் வந்துவிடலாம். பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும் வடிவில் காட்டும் ஜாவா நிரல்துண்டு ஒன்றை ஆண்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் 2010இல், நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் எழுதினார். அந்தத் தளத்திலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துண்டு அதுவே என்று பின்னர் ஓர் ஆய்வு கண்டறிந்தது. 9,99,999 பைட்டை ‘1.0 எம்பி’ என்று காட்டுவதற்குப் பதிலாக அது ‘1000.0 கேபி’ என்று காட்டும் என்பதை 2019இல் அவரே எழுதி, பதிலையும் திருத்தினார். ஆனால், ஆயிரக்கணக்கான நிரல்களுக்குள் ஏற்கெனவே போய்விட்ட நகல்களுக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்?

ஜாவா நிரல்கள் தம் செயல்பாட்டைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பான (லைப்ரரி) லாக்ஃபோர்ஜேயில் 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, பெரும் பதற்றத்துக்கு நடுவிலும், அந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு தம்மிடம் இருக்கிறது என்று தேடிப் புதுப்பிக்கவாவது வழி இருந்தது. ஒட்டிய துண்டுக்குப் பெயரும் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை. சாட்பாட் எழுதித் தருவதற்குப் பெரும்பாலும் மூலமுகவரிகூடக் கிடையாது. இல்லாத லைப்ரரியின் பெயரையும் அது கூசாமல் சொல்லும், அதே பெயரில் தீய நிரலைப் பதிவேற்றிவைக்கக் காத்திருப்போரும் உண்டு.

இப்போதெல்லாம் ஒட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே, எடுத்த முகவரியையும் தேதியையும் குறிப்பாக எழுதிவிடுகிறேன். அண்மையில் அம்முகவரிகளுக்குத் திரும்பச் சென்று பார்த்தேன். இரண்டு பதில்கள் திருத்தப்பட்டிருந்தன. என் நிரலில் இருந்தவை பழையவை.