ஊர் வக்கீல்

ஊர்க்காரர்கள் தோற்றுப்போன சூழல் வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் வரும். மனுவில் நிலத்தடி நீர் இருக்கும், புற்றுநோய் இருக்கும், பேரப்பிள்ளைகளின் எதிர்காலம் இருக்கும். எந்தச் சட்டப் பிரிவு ஊருக்கு என்ன அதிகாரம் தந்திருக்கிறது என்பது மட்டும் இருக்காது. இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. சரி, டிரைடன் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைக்க வேண்டாம். டிரைடன் அந்த மாநிலத்தின் உட்பகுதியில், இதாகாவுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். சுமார் 14,000 பேர், வயல்கள், மாட்டுப் பண்ணைகள். பூமிக்கடியில் மார்செல்லஸ் என்ற ஷேல் பாறை, அதற்குள் எரிவாயு. தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பேரழுத்தத்தில் உள்ளே செலுத்தி, பாறையைப் பிளந்து வாயுவை எடுப்பதுதான் ஃப்ராக்கிங். அன்ஷுட்ஸ் என்ற நிறுவனம் டிரைடனில் மட்டும் சுமார் 22,000 ஏக்கருக்குக் குத்தகை பிடித்து வைத்திருந்தது.

ஊர் நிர்வாகத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் பலரும் நம்பினார்கள். எண்ணெய், எரிவாயுத் தொழிலை ஒழுங்குபடுத்தும் உள்ளூர்ச் சட்டம் எதுவும் செல்லாது, மாநிலச் சட்டமே மேல் என்று 1981இல் திருத்தம் கொண்டுவந்திருந்தார்கள். உள்ளூர்ச் சாலைகளும் சொத்து வரியும் மட்டும் விலக்கு. இதைப் படித்தால் யாரும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள்.

ஹெலன் ஸ்லாட்ஜி மூடவில்லை. பாஸ்டனில் கார்ப்பரேட் வக்கீலாக இருந்துவிட்டு இதாகா பக்கம் குடிவந்தவர். 2009இல் ஃப்ராக்கிங் பற்றி ஒரு கூட்டத்துக்குப் போனார். அதன்பிறகு அவரும் கணவர் டேவிட்டும் சட்டப் புத்தகமே கதி என்று கிடந்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது அந்த "ஒழுங்குபடுத்தும்" என்ற ஒற்றைச் சொல்லை. கிணறு எவ்வளவு ஆழம், குழாய்க்கு என்ன உறை, கழிவுநீர் எங்கே போகும் என்பதெல்லாம் தொழிலை எப்படி நடத்துவது என்ற விஷயம், அது மாநிலத்தின் பாடு. ஊரில் எந்த நிலத்தில் எது வரலாம் என்பது நிலப் பயன்பாடு. அது ஊரின் அதிகாரம். 1987இல் கேரல் என்ற ஊரின் சரளைக்கல் குவாரி வழக்கில் நீதிமன்றமே இந்த வித்தியாசத்தை ஏற்றிருந்தது. சரளைக்குப் பொருந்துவது வாயுவுக்கு ஏன் பொருந்தாது?

ஃப்ராக்கிங் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கே இதில் இடமில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனி எத்தனை நிபுணர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் இந்த வாதத்தின் கிட்டேகூட வர முடியாது.

இருவரும் பல ஊர்களுக்குக் காசு வாங்காமல் சட்டம் எழுதிக் கொடுத்தார்கள். டிரைடன் 2011 ஆகஸ்டில், எந்த நிலத்தில் எது வரலாம் என்று சொல்லும் தன் மண்டல விதிகளைத் திருத்தி, ஊருக்குள் எரிவாயு எடுப்பதைத் தடை செய்தது. அடுத்த மாதமே அன்ஷுட்ஸ் வழக்குப் போட்டது. இந்த இடத்தில்தான் சின்ன ஊர்கள் பயந்துபோய்ப் பின்வாங்கும், ஏனென்றால் வக்கீல் பீஸே பட்ஜெட்டைத் தின்றுவிடும். டிரைடனுக்கு எர்த்ஜஸ்டிஸ் என்ற அமைப்பு இலவசமாக வாதாடியது. அன்ஷுட்ஸின் குத்தகைகள் நார்ஸ் எனர்ஜிக்குக் கைமாறின, அந்தக் கம்பெனியும் திவாலானது, கடைசியில் வழக்கை நடத்தியவர் திவால் சொத்தின் பொறுப்பாளர்! 2014 ஜூன் 30 அன்று மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் 5க்கு 2 என்ற கணக்கில் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிலப் பயன்பாடு என்ற பெயரில் தொழிலைத்தான் ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். அவர்கள் சொன்னதையும் அப்படியே தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். நூலிழை வாதம்தான் அது.

இதே வாதம் எல்லா இடத்திலும் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். டெக்சாஸில் டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து ஃப்ராக்கிங்கைத் தடை செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தையே பிடுங்கிக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தார்கள். டெல்டாவில் பல கிராமசபைகள் தீர்மானம் போட்டன. அந்தத் தீர்மானங்களின் அரசியல் கனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்ரோலியம் மத்தியப் பட்டியலில், அதாவது மத்திய அரசின் சட்ட அதிகாரத்தில் இருக்கும்போது, கிராமசபைத் தீர்மானத்தைக் காட்டி ஒரு கிணற்றை நிறுத்த முடியாது. 2020இல் மாநில அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைப் பாருங்கள். வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. "இது வேளாண் நிலம், இங்கே இன்னின்ன தொழில் கூடாது" என்பதுதான் அந்தச் சட்டத்தின் போக்கு. டிரைடன் பிடித்த அதே நூலிழைதான், ஒரு படி மேலே.

அந்தச் சட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளைத் தொடவில்லை. திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அந்த வரைவை எழுதிய மேசையில் அரசுத் தரப்பு இருந்திருக்கும், துறை அதிகாரிகள் இருந்திருப்பார்கள். அந்த ஊர்ப் பஞ்சாயத்துகளின் சார்பில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தாரா?