ஸ்பீட்வே பார்க்கிறீர்களா? 6, 7ஆம் எண்களைக் கவனியுங்கள்

ஸ்பீட்வே என்பது நீள்வட்டத் தளத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். அதன் பிரிட்டிஷ் உயர்மட்ட அணி லீக்கான பிரீமியர்ஷிப் என்றாலே பேச்செல்லாம் அணியின் நட்சத்திரமான முதல் எண் வீரரைப் பற்றித்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு போட்டிக்கு 15 ஹீட், அதாவது குட்டிப் பந்தயம். ஹீட்டுக்கு அணிக்கு இருவர், நான்கு சுற்று, புள்ளி 3-2-1-0. மொத்தம் 90, ஜெயிக்க 46. முதல் எண் வீரருக்கு நான்கு ஹீட். 15ஆவதற்கும் தேர்வானால் ஐந்து. அத்தனையிலும் முதலாவதாக வந்தாலும் 15 புள்ளிதான். மீதி 31ஐ மற்ற ஆறு பேர் கொண்டுவர வேண்டும்.

அந்த ஆறு பேரில் 6, 7ஆம் எண்கள் ரிசர்வ், அதாவது தங்கள் ஹீட்களோடு மற்றவர்களுக்குப் பதிலாகவும் இறங்கக்கூடியவர்கள். 2ஆம் ஹீட் முழுக்க அவர்களுடையது. நிரலில் ஆளுக்கு நான்கு ஹீட்தான், ஆனால் நல்ல ஃபார்மில் இருப்பவரை ஏழு முறை வரை இறக்கலாம். கிளம்பும் கோட்டில் குறுக்கே கட்டிய தொடக்க நாடாவை ஒருவர் தொட்டுவிட்டால் அவர் 15 மீட்டர் பின்னால் நின்று கிளம்ப வேண்டும், இல்லையேல் அவரிடத்தில் ரிசர்வ் வருவார். இப்படி நெருக்கடி வரும் இடமெல்லாம் ரிசர்வ்தான்.

யார் ரிசர்வ் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சராசரி; அது குறைந்தவர்களே ரிசர்வ். எடுத்த புள்ளியோடு போனஸைக் கூட்டி, நான்கால் பெருக்கி, ஓடிய ஹீட்களால் வகுப்பார்கள். எதிரணியில் ஒருவரையாவது முந்தி, சக அணிக்காரருக்கு அடுத்த இடத்தில் முடித்தால் கிடைப்பது போனஸ். அது அணியின் கணக்கில் சேராது. நான்கு ஹீட்டில் 6 புள்ளியும் 2 போனஸும் எடுத்தவரின் சராசரி 8.00. அனுபவசாலி ஒருவரின் சராசரி சரிந்து அவர் ரிசர்வுக்கு இறங்கினால், எதிரே நிற்பவர்கள் இளையவர்கள். அணிக்கு அது கொள்ளை லாபம். பருவத்தின் நடுவில் புள்ளிப் பட்டியல் தலைகீழாவது பெரும்பாலும் இதனால்தான்.

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே அணிகள். 40ஐத் தொட்ட ஹான்ஸ் ஆண்டர்சன், 43 வயது ஸ்காட் நிக்கோல்ஸ், பியார்னே பெடர்சன் இவர்களை வைத்துக்கொண்ட பீட்டர்பரோவைக் கிழவர் படை என்றார்கள். இறுதியில் பெல் வூ அணியை வீழ்த்திப் பட்டம் வாங்கியது அந்தப் படைதான். ஒருவரை நம்பாமல் ஏழு இடத்திலிருந்தும் புள்ளி வந்தால் இப்படித்தான் நடக்கும்.

ஓடுதளத்தையும் சொல்லியாக வேண்டும். மேற்பரப்பு ஷேல், அதாவது பொடித்த களிப்பாறை. தண்ணீர் குறைந்தால் தூசி கிளம்பும், உள்வரிசை வழுக்கும், முந்துவதற்கு வழியே இருக்காது. கூடினால் வளைவில் குழி விழும். பிரேக்கே இல்லாத 500 சிசி மெத்தனால் வண்டி அந்தக் குழியில் பிடித்துக்கொண்டால் வீரரைத் தூக்கி எறிந்துவிடும். சில ஹீட்களுக்கு ஒருமுறை டிராக்டர் விட்டுச் சமன் செய்வது அதற்காகத்தான். பின்சக்கரத்தின் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தவறாகத் தேர்ந்தாலும் போச்சு: ஒரு பக்கம் தவறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், மறுபக்கம் தவறினால் எஞ்சின் திணறும். முதல் வளைவுக்குள் பின்தங்கியவர் மீள்வது அரிது.

எனக்குப் பொறுக்காதது விருந்தினர் முறை. காயம்பட்டவருக்குப் பதிலாக, அவர் சராசரிக்கு மிகாத ஒருவரைப் போட்டி அணியிலிருந்தே கடன் வாங்குகிறார்கள். இறுதிச்சுற்றில் அந்தச் சட்டையைப் போட்டு அவர் எடுக்கும் புள்ளியை அந்த ஊர் ரசிகர் எப்படித் தன்னுடையது என்று நினைப்பார்? இல்லாதவரின் ஹீட்களைச் சொந்த அணிக்காரர்களே பகிர்ந்துகொள்ள ஏற்கெனவே விதி இருக்கிறது. இறுதிச்சுற்றில் அது ஒன்றை மட்டும் அனுமதிக்கட்டும்.