எரித்துப் பார்த்தால் சவுரி முடியின் தரம் தெரிந்துவிடுமா?

“ஒரு இழையைக் கொளுத்துங்கள். கருகிய வாடை வந்து சாம்பலானால் முதல் தர முடி, நம்பி வாங்கலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் உண்மை.

பிளாஸ்டிக் இழை உருகி உருண்டையாகும்; முடி கருகிப் பொடியாகும். சரி. ஆனால் ஆட்டு முடியும் நம் முடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம்தான், அதுவும் அப்படியேதான் கருகும். தரத்தைப் பற்றி நெருப்பு எதுவும் சொல்லாது.

தரம் செதில்களில் இருக்கிறது. முடியின் மேல் செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். எல்லா இழையும் ஒரே திசையில் இருந்தால் அது ‘ரெமி’ எனும் உயர்தர முடி. சீப்பில் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்த்தால் திசை கலந்து சிக்கு விழும். அதை மறைக்கச் செதிலை அமிலத்தில் நீக்கி சிலிக்கோன் பூசுவார்கள். கடையில் பட்டுப்போல இருக்கும். சில அலசலில் பூச்சு போய்விடும், அப்புறம் தேங்காய் நார்தான்! அதனால் சாம்பிளை ஷாம்பு போட்டு அலசி, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். ரெமி என்றால் லேசாகத் தடுக்கும், எதிர்த்திசையில் வழுக்கும்.

“அசல் முடிதானே, தினம் எண்ணெய் தடவுங்கள்” என்பதும் வேண்டாம். சவுரியைத் தலையில் ஒட்டும் பசைப்பட்டையில் எண்ணெய் பட்டால் பசை விடும். நுனியில் இரண்டு சொட்டு போதும்.