2018 தளர்வு சென்டினல் தீவைத் திறந்துவிடவில்லை

போர்ட் பிளேரில் ஊழியம் செய்யும் நம்ம கடலூர் முதுநகர்த் தம்பதி பற்றிய பேச்சில், 2018லேயே தடை நீங்கியதால் அவர்கள் வெளியாரோடு தொடர்பில்லாத பழங்குடியினர் வாழும் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்கும் போகலாம் என்று பலர் பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க. அப்போது தளர்ந்தது வெளிநாட்டவருக்கான தனி அனுமதி மட்டும். அப்படித் தளர்த்திய தீவுகளின் பட்டியலில் சென்டினல் பெயரும் இருந்ததால் குழப்பம் வந்திருக்கலாம். அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, 1956 இன்னும் அமலில் இருக்கிறது. சென்டினல் போன்ற பழங்குடியினர் காப்பகத்துக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் இந்தியரும் நுழையக் கூடாது. நமக்குச் சாதாரணமான சளிக் காய்ச்சல்கூட அந்த மக்களின் உயிரை எடுத்துவிடும்.

அந்த 1956 ஒழுங்குமுறையின் பெயரைத் தேடினால் அது முழுசாகக் கிடைக்கும். அப்புறம், 2018 நவம்பர் நாளிதழ்களைப் பாருங்கள்: தளர்வு வந்த பிறகுதான், அமெரிக்க இளைஞர் ஒருவரைப் படகில் அங்கே கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள். தயவுசெய்து அந்தத் தம்பதியைப் படகேறச் சொல்லாதீர்கள்.