அந்த ஸ்டிக்கர் எங்கே?

வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருந்தால், இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்த ஃபைலை எடுத்துப் பாருங்கள். இடுப்பெலும்பில் பதிக்கும் கப், அதற்குள் சுழலும் பந்து, தொடை எலும்புக்குள் இறக்கும் ஸ்டெம் என்று உள்ளே வைத்த ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் கம்பெனி பெயர், மாடல் எண், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். பெட்டிக்குள்ளேயே ஒரே எண்ணில் பல ஸ்டிக்கர்கள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், நோயாளியிடமும் ஒன்று இருக்கட்டும் என்றுதான். ஆனால் பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் ‘டோட்டல் ஹிப் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியையும் கூண்டில் ஏற்ற முடியாது.

ஏ.எஸ்.ஆர். மூட்டு விவகாரத்தில் நடந்தது இதுதான். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிப்யூ தயாரித்தது. கப், பந்து இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். கப்பின் ஆழம் குறைவு. அதைக் கொஞ்சம் செங்குத்தாகப் பொருத்திவிட்டாலே பாரம் முழுக்க விளிம்பில் போய் இறங்கும். நடுவில் வழுவழுப்பாக நிற்க வேண்டிய திரவப் படலம் அறுந்துபோய் உலோகத்தை உலோகம் அரைக்கும். அந்தப் பொடி சுற்றியுள்ள சதையைக் கெடுக்கும், ரத்தத்திலும் ஏறும். ஐந்தே ஆண்டில் 12, 13 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டில் தெரியவந்தது. 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 மூட்டுகள் உடம்புக்குள் போய்விட்டன. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700.

அமெரிக்காவில் 2013இல் ஏறத்தாழ 8,000 பேருக்காக 250 கோடி டாலர் அளவுக்குச் சமரசம் பேசி முடித்தார்கள். இங்கே மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று ஒரு கணக்கு வகுக்கவே 2018 ஆனது. கம்பெனி அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2019 மே மாதம், சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தரத் தயார் என்றது. 4,700 எங்கே, 67 எங்கே! பெரும்பாலோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

முடியாமல் போனதில் வியப்பில்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும். இந்த மாதிரி மூட்டு பல்லைக் காட்டுவதோ நான்காவது, ஐந்தாவது, ஏழாவது ஆண்டில். இது மிகப் பெரிய அநியாயம். உடம்புக்குள் இருக்கும்வரை அந்தப் பொருளின் ஆவணமும் இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

உலோகத்தோடு உலோகம் உரசும் வகை மூட்டு வைத்தவருக்குத் தொடை இடுக்கில் வலி என்றால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். சதை கெடுவது எக்ஸ்ரேயில் தெரியாது. ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்கச் சொல்லுங்கள். அதற்கென்று உள்ள உலோகக் கலப்பில்லாத டியூபில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று 2010இல் பிரிட்டன் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. ஸ்கேனும் உலோக நிழலைக் குறைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யாக இருக்கட்டும்.

மறு ஆபரேஷன் என்று முடிவானால், கழற்றி எடுக்கும் மூட்டுதான் உங்கள் முதல் சாட்சி. ஸ்டிக்கர் தொலைந்திருந்தாலும் பாகத்தின் மேலேயே லாட் எண் பொறித்திருக்கும். ‘எடுக்கும் பாகங்களை என்னிடம் தர வேண்டும், கம்பெனி ஆளிடம் கொடுக்கக் கூடாது’ என்று ஆபரேஷனுக்கு முன்பே எழுதிக்கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். பிளீச்சில் ஊறப்போட வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். உலோகப் பரப்பை அது அரித்துவிட்டால் எது பழைய தேய்மானம், எது புதிய அரிப்பு என்று ஆய்வகத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. எண் தெரியும்படி போட்டோ எடுத்து, டப்பாவில் போட்டு சீல் வைத்து, தேதியோடு சாட்சிக் கையெழுத்தும் இருந்தால் நல்லது. பரிசோதனைச் செலவைத் தருகிறோம் என்று கம்பெனி நீட்டும் தாளில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

வழக்குக்கு டெல்லி, மும்பை போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதை முடிவுசெய்வது நீங்கள் கட்டிய பணம், கேட்கும் இழப்பீடு அல்ல. 3 லட்சம் கட்டியவர் 40 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் கிடையாது. வடிவமைப்பில் குறை என்று நிரூபித்தால் போதும். தயாரித்தவரின் கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டாம். தயாரித்தவர் வெளிநாட்டில் இருந்து நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால், 86ஆம் பிரிவின்படி விற்றவர் பொறுப்பேற்க வேண்டும். அதனால் இறக்குமதி செய்து விற்ற நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேர்த்துவிடுங்கள். கெடு 2 ஆண்டு. எந்த நாளிலிருந்து என்பதில் வாதம் கிளம்பும், ஆகவே கோளாறு முதலில் தெரிந்த ரிப்போர்ட் தேதியிலிருந்தே எண்ணுங்கள். கடந்துவிட்டால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

ஆபரேஷன் ஆகி 3 ஆண்டு முடியாதவர்கள், ஆபரேஷன் குறிப்பும் ஸ்டிக்கர் பக்க நகலும் கேட்டு மருத்துவமனைக்கு இந்த வாரமே எழுதிக்கொடுங்கள். அதே 2002 விதிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரைவிட்டு நகராதீர்கள்.